கசிவு நின்ற காலை

சுனாமி மனைவியையும் மகளையும் கொண்டுபோன பிறகு மருதமுனை றம்ளான் கடலுக்குப் போகவில்லை. யுத்தம் முடிந்த மறுவருடம் நாவிதன்வெளியில் ஒரு குளக்கட்டுக்குக் காவலாளியானார்.

மணற்பாங்கான அந்தக் கட்டில் தண்ணீர் கசிந்தபடியே இருந்தது. பொறியியலாளர் மேனுஜா வந்து, சீமெந்துக்குப் பதிலாக, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பசையைத் தண்ணீரில் கரைத்துக் கட்டுக்குள் செலுத்தினார். றம்ளானை அண்ணன் முறையில் 'காக்கா' என்றே அழைப்பார்.

"மணலுக்குள்ள இருக்கிற இடைவெளிய இது அடைச்சிரும், காக்கா. மண்ணுக்கும் கேடில்ல. கசிவு நிண்டா சொல்லுங்க."

ஒரு காலை கட்டின் மறுபுறம் காய்ந்து கிடந்தது. தொட்டுப் பார்த்த றம்ளான், தன்னை மறந்து மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயல்வெளியில் யாருமில்லை. பிறகு மேனுஜாவுக்குப் போனில் கோல் எடுத்தார்.

"கசிவு நிண்டுட்டு, மிஸ்."

"மெய்யாவா? நல்லம் காக்கா!"

சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. போனை வைக்க மனமில்லாமல், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.