அம்மா நின்று பார்த்த இரண்டு படங்கள்

மன்னியுங்கள், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த வாரம் எனக்குப் பட்டமளிப்பு. அம்மாவுக்குச் சேலை எடுக்க இன்று டவுனுக்குப் போனோம். ஆரையம்பதியில் வெயிலில் இருந்து மீன் விற்று என்னைப் படிக்க வைத்தவர் அவர்.

சேலைக் கடைக்குப் பக்கத்துக் கடையில் முகம் வெளுக்கும் கிறீம் விளம்பரம். ஒரே பெண்ணின் இரண்டு படங்கள்: பூசுமுன், பூசியபின். அம்மா அங்கேயே நின்றுவிட்டார்.

“முதல் படத்தில இரிக்கிறவ என்னப் போலயே இரிக்கா, என்ன?”

உண்மைதான். அழகான பெண்.

“ஓம் அன்ரி, இந்தக் கிறீம் உங்கட முகத்துக்கெண்டே செஞ்சது,” என்றாள் கடைப்பெண்.

“எனக்கு நீங்க இப்படியே போதும்மா,” என்றேன்.

“உனக்குப் போதும் மகள். உன்னோட படிச்ச பிள்ளையள் பாப்பாங்கதானே?”

சேலை எடுக்கவில்லை. கிறீமோடு வீட்டுக்கு வந்தோம்.

என்னோடு பட்டம் பெறுகிறவர்களே, அம்மாவைப் படம் எடுக்கும்போது முகத்தை வெளுப்பாக்கும் ஃபில்டரை மட்டும் நிறுத்திவிடுவீர்களா?