பீமாராவ் வீட்டு மொட்டை மாடி

டிர்ர்ரிட்... டிர்ரிட்... டிர்ரிட்...

உள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும் பத்மாசினியின் கை அப்படியே நின்றது. கிளறிக்கொண்டிருந்த புளியோதரையில் கரண்டி குத்திட்டு நின்றது. உள்ளே ரேடியோவில் அதுவரை குழைந்து குழைந்து பாடிக்கொண்டிருந்த குரலை யாரோ ரம்பத்தால் அறுப்பது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் ஓய்ந்தது. பாட்டு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தது.

"என்னக்கா, ரேடியோ இந்த இரை இரையுது?" என்று முன்பக்கத்துக் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள், அங்கே வேலைக்கு நிற்கும் பாண்டிச்செல்வி.

அந்தச் சத்தத்தைப் பத்மாசினிக்குத் தெரியாதா! அதை வைத்துத்தானே நாலு வருஷமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள்.

பழங்காநத்தம் மெயின் ரோட்டில், வீட்டின் முன் அறையையே கடையாக்கி, 'தரங் செல்' என்ற செல்போன் கம்பெனியின் டீலராக உட்கார்ந்திருப்பவள் அவள். எதிரி 'ஆர்பிட்' கம்பெனி. எதிரி என்றால் வாயளவில் எதிரி இல்லை. தரங் சுவரில் எழுதினால் விடிவதற்குள் ஆர்பிட் ஆட்கள் அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஆர்பிட் பேனர் கட்டினால் அதன் கயிறு மறுநாள் அறுந்து தொங்கும். இந்தச் சண்டையில் பத்மாசினி தானாகக் கண்டுபிடித்த ஆயுதம் ஒன்று இருந்தது. ஆர்பிட் போனை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால், அழைப்பு வரும்போதெல்லாம் ரேடியோ கதறும். தரங் போனுக்கு அப்படிக் கதறாது. இரண்டின் அலையும் வேறு வேறு வகை என்று கம்பெனி இன்ஜினீயர் ஏதோ சொன்னார். அவளுக்கு அது புரியவில்லை. புரிந்ததெல்லாம் வியாபாரம்தான். வீடு வீடாகப் போவாள். ரேடியோவைப் போடச் சொல்வாள். இரண்டு போனையும் அடுத்தடுத்து வைத்து அழைத்துக் காட்டுவாள்.

"கேட்டீங்களா? ரேடியோவையே இம்புட்டுப் பாடு படுத்துற போனு, ஒங்க காதை என்ன பண்ணும்?"

அது நியாயமான வாதமா என்று அவளும் யோசித்ததில்லை, வாங்கியவர்களும் யோசித்ததில்லை. தரங் விற்றது.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள், அவள் படுத்து எழும் அறைக்குள், ஆர்பிட் போன் எப்படி வந்தது?

அன்று ஆடிப் பதினெட்டு. கலந்த சாதம் சாப்பிடத் தம்பி பாலமுரளி திருப்பரங்குன்றத்திலிருந்து வந்திருந்தான். வெயிலில் வந்த அலுப்பு தீர, கொல்லைப்புறக் குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தான். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவனுடைய சட்டை உள் அறையில், ரேடியோ இருக்கும் அலமாரியின் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்மாசினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அந்தத் தம்பி அவளுக்கு வெறும் தம்பியா? அம்மா கண்ணை மூடியபோது அவன் பள்ளிக்கூடப் பையன். பத்மாசினி புதுத் தாலியோடு சௌரிராஜன் வீட்டுக்கு வந்தபோது அவனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். சௌரிராஜனும் மூன்று வருஷத்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் விட்டுப்போனது பஸ் ஸ்டாப் அருகே ஒரு எஸ்.டி.டி. பூத். தறியும் கடையுமாக வாழ்ந்த உறவுக்காரர்கள், இருபத்தைந்து வயது விதவை ரோட்டோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காருவதா என்று வாசலில் நின்று கத்தினார்கள். அவள் உட்கார்ந்தாள். துபாய்க்கும் மும்பைக்கும் ஊர் பேசி அழுததையெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே, தம்பியைக் கல்லூரிக்கு அனுப்பினாள். செல்போன் வந்து பூத்தைத் தின்றபோது, தின்ற அந்தப் பேயையே பிடித்துக் கட்டி மேய்த்தாள். தம்பியையும் கடை வேலையில் சேர்த்துக்கொண்டாள்; அவனுக்குத் தேவிகாவைப் பேசி முடித்துத் தனிக்குடித்தனமும் வைத்துக் கொடுத்தாள்.

இப்போது அந்தக் கடைக்கே கண்டம் வந்திருந்தது. முன்பெல்லாம் ஜனங்களுக்குப் பேசினால் போதும். இப்போது போனில் பாட்டு இறங்க வேண்டும், படம் இறங்க வேண்டும், அதுவும் கண் இமைப்பதற்குள் இறங்க வேண்டும். தரங் டவர் இருப்பது பைக்காராவில். அங்கிருந்து பழங்காநத்தம் சந்துகளுக்குள் சிக்னல் நுழைவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆர்பிட்டுக்கும் அதே கதிதான். இரண்டு கம்பெனியும் வேகமான நெட்டை இந்தப் பக்கம் இறக்கத் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் கண் ஒரே இடத்தில்தான் இருந்தது. தெருவிலேயே உயரமான வீடு பீமாராவுடையது. அவருடைய மொட்டை மாடியில் எவன் டவர் ஏறுகிறதோ அவனுக்குத்தான் பழங்காநத்தம். இந்த மாடியை வாங்கிக் கொடுத்தால் கடை பிழைக்கும், இல்லையென்றால் டீலர்ஷிப்பை எடுத்துவிடுவோம் என்று தரங் மேனேஜர் பத்மாசினியிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பீமாராவ் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், ஆசாரமானவர். பத்மாசினி அவர் வீட்டுப் படியை ஏறி ஏறி இறங்கி ஒருவழியாகச் சம்மதம் வாங்கினாள். "ஆடியில நான் எதையும் தொடங்க மாட்டேம்மா. ஆவணி முதல் வெள்ளி வாங்க, கையெழுத்துப் போடுறேன்" என்று அவர் சொன்னார். அந்த வார்த்தையைத் தம்பியிடமும் பாண்டிச்செல்வியிடமும் தவிர வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

காலையில்கூட பாண்டிச்செல்வி கேட்டாள்: "ஆடியானாலும் இன்னைக்குப் பதினெட்டுல்ல? எங்க ஊருல இன்னைக்குத் தொட்டதெல்லாம் பெருகும்பாக. ராவ் அய்யாகிட்ட இன்னைக்கே போய்க் கேட்டா என்னக்கா?"

"அவரு ஆவணின்னா ஆவணிதான். நச்சரிச்சா கோவம் வந்துரும்" என்று பத்மாசினி அடக்கிவிட்டாள்.

டிர்ர்ரிட்... டிர்ரிட்...

இரண்டாம் முறை ரேடியோ கதறியது. பத்மாசினி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சட்டைப்பையில், மணி அடிக்காதபடி வாயடைத்து வைக்கப்பட்டிருந்த போன், பச்சை வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் கொட்டிவிட்டது.

"மாப்ள, எம்புட்டு நேரமாடா கூப்புடுறது? காரியம் முடிஞ்சிருச்சு! நீ சொன்ன மாதிரியே ஆடிப் பதினெட்டு, பெருகுற நாளுன்னு சொன்னதும் ராவு மறுபேச்சுப் பேசல. பேனாவை அவரே எடுத்தாரு. சாயங்காலம் இரும்பு வந்து எறங்குது. ஒங்கக்காவுக்கு மட்டும் இப்பத் தெரிய வேணாம். போர்டு மாத்துறப்ப சொல்லிக்கலாம். என்ன மாப்ள, பேச்சையே காணோம்?"

"தெரிஞ்சிருச்சு" என்றாள் பத்மாசினி. அழைப்பைத் துண்டித்தாள்.

திரும்பினால், ஈரத் தலையும் தோளில் துண்டுமாக பாலமுரளி நின்றிருந்தான். அவள் கையிலிருந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. சட்டென்று அவர்கள் வீட்டுப் பாஷையில், சௌராஷ்டிராவில், கெஞ்ச ஆரம்பித்தான். பிறந்ததிலிருந்து அக்காவும் தம்பியும் தமிழில் பேசிக்கொண்டதே இல்லை. தமிழ் கடைக்கு, அது வாடிக்கையாளருக்கு.

"தமிழ்லயே பேசு" என்றாள் பத்மாசினி. "செல்வி இருக்கா. அவளுக்கும் புரியட்டும்."

"வெளியாளு முன்னாடி எதுக்குக்கா..."

"அவ என் கடையில நிக்கிறவ. வெளியாளா? நீ யாரோட ஆளு, அதைச் சொல்லு மொதல்ல."

பாலமுரளி தோளிலிருந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். "ஆர்பிட்டுல சேந்து ரெண்டு மாசமாச்சு. ஒனக்கு நல்லதுக்குத்தான் செஞ்சேன். தரங்கு எழுந்திரிக்காதுக்கா. அவன் டவரு போடுறேன் போடுறேன்னு சொல்லிக்கிட்டே இருப்பான். இவன் போட்டுருவான். ஒரு பாட்டு எறக்க நம்ம போன்ல டீக்கடைக்குப் போயிட்டு வரலாம். இவன் நெட்டு வந்துருச்சுன்னா பட்டுனு எறங்கிரும். ஜனம் எங்க போகும்?"

"ஏண்ணே" என்று வாசற்படியில் சாய்ந்து நின்ற பாண்டிச்செல்வி கேட்டாள், "வலையங்குளம், பெருங்குடின்னு வெயில்ல எங்கூட வந்து, ஆர்பிட்டு போனு காதைச் செவிடாக்கும்னு சொன்னது நீங்கதானே? இப்ப ஒங்க காது எப்படி இருக்கு?"

"நீ சும்மா இரு."

"நான் சும்மாத்தேன் இருக்கேன். ரேடியோதான் சும்மா இருக்க மாட்டேங்குது."

பத்மாசினி சிரிக்கவில்லை. "போர்டு மாத்துறோம்னான் ஒன் கூட்டாளி. எந்தப் போர்டு?"

"இந்தக் கடைப் போர்டுதான். ஆர்பிட் டீலர்ஷிப் தர்றாங்க. கடை இங்கேயேதான் இருக்கும். நீ ராணி மாதிரி கல்லாவுல உக்காரு. ஒரு கஸ்டமர் போக மாட்டான்."

"யாரு பேருல தர்றாங்க?"

அவன் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தபோது கண்ணில் கெஞ்சல் இல்லை.

"என் பேருலதான்! ஏன், எனக்குப் பேரு இருக்கக் கூடாதா? ஊருக்குள்ள நான் யாரு? பத்மாசினி தம்பி. பேங்குல, கம்பெனி மீட்டிங்குல, எல்லா எடத்துலயும் பத்மாசினி தம்பி. போர்டு எழுதுனப்ப ஓரத்துல எம்பேரும் போடச் சொன்னேன். என்ன சொன்ன நீ? எடம் இல்லைன்ன. அம்புட்டுப் பெரிய போர்டுல, எனக்கு எடம் இல்லை!"

சொன்னாள். அது உண்மை. விளையாட்டாகத்தான் சொன்னாள் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த ஒரு சொல்லை அவன் இத்தனை நாள் விஷம் போட்டு வளர்த்திருக்கிறானே என்று நினைத்தாள் பத்மாசினி. வந்தது அழுகையா, ஆத்திரமா? ஒரு நொடி அவள் கை அவன் ஈரத்தலையைத் துவட்டப் போவது போல உயர்ந்தது. அடுத்த நொடி அது ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து, போனை அதன் பையில் திணித்து, அவன்மேல் வீசியது.

"கேட்டிருந்தா கடையையே ஒம்பேருக்கு எழுதியிருப்பேன். கேக்கலையே. என் கையில சோறு வாங்கித் தின்னுட்டு, நான் சொன்ன ரகசியத்தை அப்படியே கொண்டுபோய் அவன்கிட்ட வச்சிருக்க. ராவ் வீட்டுல நான் எத்தனை நாள் நின்னேன்னு ஒனக்குத் தெரியாதா?"

"அக்கா, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. சொல்லலைன்னா சாயங்காலம் டவரு நிக்கும், நாளைக்கு ஒன் கஸ்டமர் பூராம் அங்க நிப்பான். தரங்கு மேனேஜரும் டீலர்ஷிப்பைப் பிடுங்கிருவான். ஒத்தையா உக்காந்திருப்ப."

"உக்காந்துக்கிறேன். ஒத்தையா உக்காந்துதான் ஒன்னைய ஆளாக்குனேன்." பத்மாசினி பாண்டிச்செல்வியைப் பார்த்தாள். "செல்வி, பழங்காநத்தம் போனாப் போகட்டும். நாளைக்குக் காலையில ரேடியோவையும் போனையும் எடுத்துக்க. ஒங்க ஊருப் பக்கம் போவோம். இவன் டவரு எட்டாத ஊரு நெறையக் கெடக்கு."

"வாரேங்க்கா. எங்க ஊருல பாட்டு எறக்குறவன் கம்மி. பேசுறவன்தான் சாஸ்தி" என்றாள் பாண்டிச்செல்வி, பாலமுரளியைப் பார்த்தபடியே.

பாலமுரளி சட்டையை மாட்டினான். பித்தானை மாற்றிப் போட்டான், மறுபடி போட்டான். கூடத்தில் அவனுக்காகப் போட்டிருந்த இலை வெறுமையாகக் கிடந்தது. புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் வாசனை வீசிக்கொண்டிருந்தன. அவன் கண் ஒரு கணம் அங்கே போனது. பத்மாசினி பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடினாள். இலையை மடித்து எடுத்தாள்.

பிறகு சமையலறையிலிருந்து ஓர் அடுக்குத் தூக்கைக் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"தேவிகாவுக்குக் கட்டுனது. அவ என்ன பாவம் பண்ணா? எடுத்துட்டுப் போ."

அந்தத் தூக்கு அவர்கள் அம்மாவுடையது. நல்ல நாள் தோறும் இங்கிருந்து நிறைந்து போகும். அடுத்த முறை வரும்போது தேவிகா அதில் வெல்லமோ பழமோ போட்டு அனுப்புவாள். வெறும் பாத்திரமாக ஒருபோதும் திரும்பி வந்ததில்லை.

பாலமுரளி அதைக் கையில் எடுத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"தூக்கை நாளைக்கு..."

"வேணாம்" என்றாள் பத்மாசினி. "பாத்திரம் திரும்பி வர வேணாம்."

அவன் வாய் பழக்கத்தில், "போயிட்டு வாரேன்" என்றது.

"போ."

சட்டைப்பையில் இருந்த போன் மறுபடியும் மினுங்கியது. அவன் அதை எடுக்காமல் படியிறங்கினான். தெருமுனையில், சாயங்காலத்துக்கு முன்பே, பீமாராவ் வீட்டைக் கேட்டுக்கொண்டு ஒரு லாரி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டங்கள் ஒன்றோடொன்று மோதின. பத்மாசினி அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. தம்பியின் முதுகு மறையும் வரைகூட நிற்கவில்லை. இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.