ஒன்றரை லட்சத்துக் கமராவை இலவசமாகத் துடைத்தவன்

பழைய பிலிம் கமரா திருத்துபவனின் தொழில் என்னவென்றால், அடுத்தவர் சொத்தை அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டு, கடைசியில் அதை அவரிடமே திருப்பிக் கொடுப்பது. கைக்கடிகாரம் திருத்துகிறவர்கள், தையல் மெஷின் திருத்துகிறவர்கள், பிறர் காருக்கு எண்ணெய் மாற்றுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரிந்திருக்கும். நம் ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாத்தளை நகரில் என் கடை. ஒரு மேசை, ஒரு விளக்கு, குட்டி குட்டியாக இருபது ஸ்க்ரூ டிரைவர், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எழுத்தெண்ணிப் படித்த ஜெர்மன் கையேடுகள் ஏழு. சொந்தமாக ஒரு நல்ல கமரா மட்டும் கிடையாது.

கண்ணாடி அலுமாரி

கண்டியிலிருந்து ஒரு பல் வைத்தியர் வருவார். அவர் வீட்டில் நூற்றுக்கு மேற்பட்ட கமராக்கள் கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நிற்கின்றன. நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எதைத் தொடவும் கையுறை போடுவார். நோயாளியின் வாய்க்குள் கை வைக்கும்போது இதைவிடக் கவனமாக இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் ஷட்டர் இறுகிப்போன சின்னக் கமரா ஒன்றைக் கொண்டுவந்தார். மூன்று நாள் உட்கார்ந்து திருத்தினேன். பூட்டைத் திறந்ததுபோல் அப்படி ஒரு மெல்லிய சத்தம் அந்த ஷட்டரில். கொடுக்க மனமில்லாமல் கொடுத்துவிட்டு, இதில் என்ன பிலிம் போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“பிலிமா? அதப் போட்டா உள்ளுக்குக் கீறல் விழும்ங்க, பாஸ்.”

மிளகுக்கடை

எதிரே ரில்வானின் கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய் விற்கிறவர். இப்போது ஒரு சுவர்த் தட்டில் பழைய கமராக்களையும் வைத்திருக்கிறார். கமராவின் பின்பக்கம் எப்படித் திறக்கும் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. சென்ற வருடம் லென்ஸில் பூசணம் பிடித்த ஒன்றை என்னிடம் தந்தார். பூசணம் அழுக்கல்ல, உயிருள்ள பொருள், கண்ணாடியின் பூச்சைத் தின்று வாழ்வது என்று நான் விளக்கியபோது கொட்டாவி விட்டார். துடைத்துக் கொடுத்தேன். எனக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதையே போனில் படம் எடுத்துப் போட்டு, ஒரு கிழமைக்குள் எண்பதாயிரத்துக்கு விற்றார்.

என் கடையிலிருந்து அவர் கல்லாப்பெட்டி நேராகத் தெரியும். அதற்காகவே ஒரு திரை வாங்கி மாட்டினேன். அன்று மாலை அவரே தேத்தண்ணியோடு வந்து, திரையை விலக்கி, ஆறுதல் சொன்னார்.

“அண்ணன், நீங்க சாமான் வேல செய்யுதான்னு பாக்குறீங்க. நான் கம்பெனி அட்டப்பெட்டி இருக்கான்னு பாக்குறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.”

தக்காளிக்குக் காவல்

தம்புள்ளை சந்தையில் தக்காளி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் ஒரு கமராவை ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பையைத் திறந்து பார்த்தேன். கையேட்டில் படமாக மட்டுமே நான் பார்த்திருந்த ரகம். மேலே முழுக்கத் தூசி, ஓரத்தில் காய்ந்த தக்காளி விதை.

எங்கே வைத்திருந்தீர்கள் என்றேன். கடை முகட்டில் கம்பியால் கட்டி, பெட்டிகளைப் பார்க்கும்படி தொங்கவிட்டிருக்கிறாராம். லொறியில் ஏற்றுகிறவர்கள் காவல் கமரா என்று நினைத்துக்கொள்கிறார்கள். தக்காளி குறைவதில்லை. நல்ல விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இதுதான் தக்காளிக்கு ராசி என்று மறுத்துவிட்டார். சரி, ஷட்டரையாவது திருத்தித் தருகிறேன், ஒரு ரோல் எடுத்துப் பாருங்கள் என்று ஏறக்குறையக் கெஞ்சினேன்.

“ரோல் கீல் ஒண்ணும் வேணாம் பாஸ். கண்ணு மட்டும் மினுங்கினாப் போதும்.”

டீச்சரின் பன்னிரண்டு

இனி நான் உண்மையில் சொல்ல வந்த கமரா. வஹகோட்டையில் இருக்கும் தெரேசா டீச்சர் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். காலஞ்சென்ற கணவரின் இரட்டைக் கண் கமரா அவரிடம் இருக்கிறது. மேல் கண்ணால் குனிந்து பார்க்க வேண்டும். படத்தை எடுப்பது கீழ்க் கண். வருடத்துக்கு ஒரு ரோல், கோயில் திருவிழாவில். ரோலுக்குப் பன்னிரண்டு படம். கழுவிப் பார்த்தால் பத்து தேறும். நான் எடுத்தால் பன்னிரண்டில் ஒன்று தேறும், அதுவும் என் மனைவி இரக்கப்பட்டால்.

அந்தக் கமரா என்றாவது எனக்கு வரும் என்று பதினொரு வருடம் நம்பினேன். திருவிழாவுக்கு முன் இலவசமாகத் துடைத்துக் கொடுப்பேன். ஒரு வருடம் உரிந்திருந்த தோலைக் கழற்றிவிட்டு, பை தைப்பவரிடம் நல்ல கன்றுத்தோல் வாங்கி ஒட்டினேன். இன்னொரு வருடம் கறுத்துப்போன பெயர்த் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். உள்ளே மேல் கண்ணின் படத்தைக் காட்டும் கண்ணாடியையும் மாற்றினேன். நிச்சயம் ஆகும் முன்பே பெண்ணுக்கு நகை செய்து போட்டவன் நான்.

இரண்டு கண்ணும் ஒன்றையே பார்ப்பதில்லை, கிட்டப் போனால் மேல் கண்ணில் தெரியும் தலை கீழ்க் கண்ணில் வெட்டுப்படும் என்று ஒருமுறை டீச்சருக்குச் சுண்ணக்கட்டியால் மேசையில் கோடு கீறி அரைமணி நேரம் விளக்கினேன். வகுப்பில் கடைசி வாங்குப் பையன் சொல்வதைக் கேட்பதுபோல் பொறுமையாகக் கேட்டார்.

“அது தெரியும் தம்பி. அதுக்குத்தான் நான் கொஞ்சம் தூக்கிப் புடிக்கிறேன்.”

ஸ்பெயார் வரவில்லை

இந்த வருடம் திருவிழா முடிந்து, ரோலைக் கழுவுவதற்காகக் கமராவோடு வந்த டீச்சர், இதை விற்கலாமென்று இருக்கிறேன் என்றார். கொழும்பிலிருக்கும் மகள், போன் இருக்கும்போது எதற்கு இந்தச் சுமை என்கிறாளாம். மிளகுக்கடைத் தம்பி ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். டீச்சர் அங்கே கராம்பு வாங்கப் போயிருக்கிறார். கழுத்தில் கமரா தொங்கியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. பதினொரு வருடமும் கராம்புக்கு என் கடைக்கு எதிரே போவார் என்று நான் ஏன் யோசிக்கவில்லை?

அப்போது நம் தொழிலின் மிகப் பழைய பொய்யைச் சொன்னேன். ஷட்டர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, கொழும்பிலிருந்து ஸ்பெயார் வரவேண்டும். ஐந்து கிழமை கமரா என்னிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லேபொலவுக்குப் பஸ் ஏறி, வயல் வரம்பு, எருமை, வெற்றிலைக் கடைக்காரர், முச்சக்கரவண்டிக்காரர் என்று ஒரு ரோல் எடுத்தேன். கழுத்தில் அந்த வாரின் பாரம் இருந்தவரை உலகத்தில் யார்மீதும் எனக்குப் பொறாமை இருக்கவில்லை. திரும்பி வந்து இறங்கினால், கடையைச் சாத்திக்கொண்டிருந்த ரில்வான் என் கழுத்தையே பார்த்தார்.

“ஸ்பெயார் பல்லேபொல பஸ்லயா வருது, அண்ணன்?”

விலை பார்த்த படலம்

அதற்குப் பிறகு வைத்திருக்க முடியவில்லை. டீச்சர் வந்தார். ரில்வான் பல் வைத்தியரையே கூட்டிக்கொண்டு வந்தார். வாங்குகிறவர் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நூற்றுக்கு மேல் வைத்திருக்கிறவருக்கு இதுவும் வேண்டும். கையுறை போட்டார். பூதக்கண்ணாடியை எடுத்தார். தோலைத் தடவினார், தகட்டைப் பார்த்தார், மூடியைத் திறந்து உள்கண்ணாடியைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் சுருங்கச் சுருங்க எனக்கு விளங்கியது. பதினொரு வருடம் நான் ஆசை ஆசையாகச் செய்த ஒவ்வொரு திருத்தமும் அதன் விலையிலிருந்து நாற்பது, ஐம்பது ஆயிரமாகக் கழிந்துகொண்டிருந்தது. கம்பெனித் தோல் உரிந்து தொங்கினாலும் அதுதான் காசாம். கடைசியில் பதினைந்தாயிரம் என்றார். ஷட்டரை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

டீச்சருக்காக நான் வருந்தியிருக்க வேண்டும். ஒரு நொடி வருந்தினேன். மற்ற நேரமெல்லாம் ரில்வானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் கையுறையைக் கழற்றி மடித்தார்.

“பாவம், இத யாரோ பாவிச்சுப் படம் எடுத்திருக்காங்க.”

தலை இல்லாதவர்கள்

அவர்கள் போனதும் நான் இருபதாயிரம் தருகிறேன் என்றேன். டீச்சர் யோசிக்கவே இல்லை. உங்களுக்கென்றால் சந்தோஷமாகத் தரலாம் தம்பி, நீங்கள்தானே பார்த்துக்கொண்டீர்கள் என்றார். காசை எடுக்க உள்ளே திரும்பினேன். திருவிழாப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள், மேசையில் உறையில் இருக்கிறது என்று சொல்லியும் விட்டேன். மேசையில் இரண்டு உறைகள் இருந்தன.

திரும்பி வந்தபோது இரண்டையும் பரப்பி வைத்திருந்தார். ஒரு பக்கம் அவருடையது: கொடிமரத்தின் நிழலுக்குள் சரியாக உடம்பை அடக்கிக்கொண்டு தூங்கும் பலூன்காரர், மெழுகுதிரிப் புகையில் கண்ணைச் சுருக்கும் ஒரு பெண். மறுபக்கம் என்னுடையது: தலை இல்லாத வெற்றிலைக் கடைக்காரர், தலை இல்லாத முச்சக்கரவண்டிக்காரர், கொம்பு வரை வெட்டுப்பட்ட எருமை. சுண்ணக்கட்டியால் கோடு கீறி விளக்கியதை, கமரா கைக்கு வந்த சந்தோஷத்தில் நானே மறந்துபோயிருந்தேன்.

“இது என்ன தம்பி?” என்றார்.

“ஸ்பெயார் போட்டதும் டெஸ்ட் பண்ணிப் பாத்தது, டீச்சர்.”

“கமரா இப்படித் தலைய வெட்டுதே. என் கையில இருந்தப்ப நல்லாத்தானே எடுத்துச்சு?”

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. கோளாறு என் கையில் என்று சொன்னால் கமரா எனக்கு. கமராவில் என்று சொன்னால் மானம் எனக்கு. ஏழு கையேடுகளும் அலுமாரியிலிருந்து என்னையே பார்த்தன. கோளாறுதான் டீச்சர், புது ஸ்பிரிங் சரியில்லை என்றேன். அவர் கமராவை என் பக்கத்திலிருந்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப இத உங்களுக்கு வித்தா பாவம் தம்பி. தெரிஞ்ச புள்ளைய ஏமாத்துனதா ஆயிரும். பழைய ஸ்பிரிங்கையே போட்டுத் தாங்க, நானே வச்சுக்கிறேன்.”

பல் வைத்தியரின் அலுமாரி, ரில்வானின் தட்டு, தம்புள்ளை முகடு, டீச்சரின் கழுத்து எல்லாவற்றையும் பார்த்த பிறகு நான் ஒத்துக்கொள்ளும் விலைப்பட்டியல் ஒன்றுதான்: என்னிடம் இல்லாத கமராவே விலை உயர்ந்தது.