தகடு வைத்த துடைப்பம்

எனக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் விலை விழுந்துவிட்டதாம். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி யார் பெயரைப் படிக்காமல் விடுகிறாரோ, அவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, இந்தியாவுக்குத் திரும்பும் கப்பலுக்குப் போகவேண்டும். குளிர்காய்ச்சலில் கிடந்த என் வீட்டுக்காரரின் பெயர் முதல் வாரமே போய்விட்டது. என் பெயர் இருந்ததால்தான் எங்களுக்குக் கூரை இருந்தது.

நானும் அடுத்த வீட்டு அக்காவும் ரப்பர் ஸ்டோரில் தரை வேலை பார்த்தோம். மரத்துப் பாலைத் தொட்டியில் ஊற்றும்போது சிந்துவது சிமிட்டித் தரையில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அக்கா தண்ணீர் ஊற்றி, நீளக் கம்பு போட்ட கட்டைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வருவாள். நான் குந்தி உட்கார்ந்து, உடைந்த கத்தியால் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பேன். வயிறு தொடையில் இடிக்கும். எழுந்தால் கண் இருட்டும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிடுவாரோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷனை அந்தத் தோட்டத்திலேயே புதைத்தவள். ஒருநாள் ரப்பர் பெட்டிக்குக் கட்டும் இரும்புத் தகட்டில் ஒரு துண்டை எடுத்துப்போய், பெட்டி அடிக்கும் சீன ஆசாரியிடம் தனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினாள். அவர் அதைத் துடைப்பக் கட்டையின் மேல் விளிம்பில் திருகாணி போட்டு இறுக்கித் தந்தார். கட்டையைப் புரட்டித் தள்ளினால் ஒட்டியிருந்த பால் தோலாக உரிந்து வந்தது.

"இனி குந்தாத புள்ள. நின்னுக்கிட்டே தள்ளு. வயித்துல உள்ளது நசுங்கிடப் போவுது" என்றாள். கம்பை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் வாளியை அவள் தூக்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து ஸ்டோரைப் பார்க்க வந்த துரை, துடைப்பத்தை வாங்கித் தானே இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார். சிரித்தபடி கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எங்களைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் வேலை முடிந்ததும் கிராணி என்னை மட்டும் கூப்பிட்டார்.

"ஒத்த ஆளா இந்தத் தரையைப் பாத்துக்குவியா?"

"அக்கா இருக்காங்களே ஐயா?"

"ஒரு ஆளுக்குத்தான் வேலை. முடியாதுன்னா சொல்லு. அவளைக் கேக்குறேன்."

பாயில் கிடப்பவரை நினைத்தேன். வயிற்றில் இருப்பது புரண்டது. அக்காவை முதலில் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாளோ என்ற பயமும் வந்தது. "முடியுமுங்க" என்று அவசரமாகச் சொன்னேன்.

காலையில் அக்காவின் பெயர் படிக்கப்படவில்லை. "ஐயா, என் பேரு விட்டுப்போச்சு" என்றாள். கிராணி புத்தகத்தை மூடிக்கொண்டு போனார். அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று நான் ஸ்டோரிலிருந்து திரும்பியபோது அக்கா எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "உன்னைக் கேட்டாரா?"

"கேட்டாருக்கா."

"என்ன சொன்ன?"

"முடியும்னு சொல்லிட்டேன்."

அவள் வாசல்படியில் உட்கார்ந்தாள். பிறகு, "அந்த ஆசாரி கால்ல விழாத குறையா நின்னேனே புள்ள" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அடுத்த நாள் மத்தியானம் கிராணியிடம் ஓடினேன். "ஐயா, ஆளுக்கு அரை நாளா பிரிச்சுக் குடுங்க. ரெண்டு பேரும் பொழச்சிக்கிறோம்."

"துரைகிட்ட நீயே போய்ச் சொல்லு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து கப்பலேறலாம்" என்றார். துரை பங்களாவுக்குப் போகும் பாதையில் பாதி தூரம் நடந்தேன். திரும்பிவிட்டேன்.

கப்பலுக்குப் போகிறவர்களைப் புலாவ் செபாங் ரயிலடிக்கு ஏற்றிப்போகும் லாரி இரண்டு நாளில் வந்தது. சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். அக்கா கை நீட்டி வாங்கினாள், முகத்தைப் பார்க்கவில்லை. லாரி திரும்பி மறையும்வரை நின்றேன். அதற்குள் ஸ்டோருக்குப் பால் வந்துவிட்டது என்று மண்டோர் கத்தினார்.

தனியாக அந்தத் தரையை என்னால் சமாளிக்க முடியவில்லை. வாளியையும் நானே தூக்கவேண்டும். எட்டாம் மாதக் கடைசியில், ஈரத் தரையிலேயே வலி கண்டு உட்கார்ந்துவிட்டேன். பால் ஊற்ற வந்த பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண் குழந்தை, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி. மூன்றாம் நாள் ஸ்டோர் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கப்பலுக்குப் பயந்து, நடக்கவே தள்ளாடிய என் வீட்டுக்காரரோடும் குழந்தையோடும் ரெம்பியாவுக்குப் போனேன். அங்கே ஒரு மலாய்க்காரர் தம் தோட்டத்தில் புல் வெட்டச் சொல்லி ஒரு குடிசை தந்தார். குழந்தை பிழைத்துக்கொண்டது.

விலை ஏறிய பிறகு ஊரிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். ரெம்பியா பாசாரில், அந்தச் சந்தைக் கூட்டத்தில், புது முகம் கண்டால் அக்காவின் அடையாளம் சொல்லி விசாரிப்பேன்.

"எந்த ஊரு அவங்க?" என்று கேட்பார்கள்.

நான்கு வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தோம். அவளுடைய ஊர் எதுவென்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.