தீக்குச்சி தைக்கும் போர்வை

குச்சியைக் கிழித்து, உள்ளங்கையால் காற்றை மறைத்து, ஒரு இழையின் நுனியை அதில் காட்டுகிறாள். இழை பற்றியதும் ஊதி அணைத்து மூக்கருகே கொண்டுபோகிறாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். பிறகு, "காகிதம்" என்கிறாள். அந்தத் துணி வலப்பக்கப் பைக்குள் போகிறது. அடுத்த துணி, அடுத்த இழை.

இது நடப்பது என் தையல் கடையில். கூரை வரைக்கும் துணி அடுக்கியிருக்கிற கடை. வாயில் சிகரெட்டோடு வந்தவர் எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, காஜா எடுத்து, பொத்தான் தைத்து, இன்றைக்கு எட்டு மெஷின் ஓடுகிற கடையை ஒருத்தன் உண்டாக்கியிருக்கிறான் என்றால் அவன் நெருப்புக்குப் பயந்தவனாகத்தான் இருப்பான். அந்தக் கடைக்குள் தீக்குச்சி கிழிக்க அனுமதி வாங்கிய ஒரே ஆள் இவள். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதை அவளே தூக்கி வருவாள்.

தீக்குச்சி என்று பெயர் வைத்தது என் கட்டிங் மாஸ்டர். ஆளும் அப்படித்தான், ஒல்லி உடம்பு, உச்சியில் கொஞ்சம் சூடு. எனக்குத் தங்கை மாதிரி என்பதால் 'அவள்' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொண்டால் சமாளித்துக்கொள்ளலாம்.

பகலெல்லாம் ஒரு சலவைக்கடையில் நின்றபடி இஸ்திரி போடுகிறாள். வேலை முடிந்து நேரே இங்கே வந்து, மெஷின்களுக்கு அடியில் விழுந்த வெட்டுத்துணிகளைப் பொறுக்குவாள். உள்ளங்கை அகலம் இருந்தாலும் விடமாட்டாள். அப்புறம் அந்தத் தீ வைபவம். பருத்தி எரிந்தால் காகிதம் எரிந்த வாசம். பட்டும் கம்பளியும் முடி கருகின வாசம். மற்றதெல்லாம் உருகி, கறுப்பு மணியாகச் சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும்.

"இவ்வளவு பாடு எதுக்கும்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பிள்ளைங்களுக்கு அண்ணே" என்றாள்.

எங்கள் தெருமுனையில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது. வண்டியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், ஒரு அலமாரித் தட்டு. எரிகிற வீட்டிலிருந்து தூக்கி வருகிற பிள்ளைகளைச் சுற்றுவதற்காக, இவள் தைத்த சின்னச் சின்ன ஒட்டுப்போர்வைகள் அதில் மடித்து வைத்திருக்கும். நாலு வருடமாகத் தைக்கிறாள். அந்தத் தட்டை வாங்க முந்தைய ஆபீசரிடம் ஒரு வருடம் நடந்தாளாம்.

விஷயத்தை முழுசாகப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அவள் வீட்டுக்கே போனேன். இரண்டு அறை. ஒன்றில் மனிதர்கள், ஒன்றில் துணி. செருப்புக்கடை அட்டைப்பெட்டிகள் சுவரோடு அடுக்கியிருந்தன. மேலே அவள் கையெழுத்து: காகிதம், முடி, பிளாஸ்டிக். நிறம் பார்த்து அடுக்குவாள் என்று நினைத்துப் போனவன் நான். காகிதப் பெட்டிகளுக்குள் மட்டும் இன்னொரு பிரிவு: விரல் நீளம், கை அகலம், சாண். ஒவ்வொரு துண்டும் இஸ்திரி போட்டிருந்தது. கட்டைவிரல் அளவுத் துணிக்கும் இஸ்திரி! பிளாஸ்டிக் பெட்டியில் இருப்பது கால்மிதி ஆகிறது. முடிப் பெட்டியை என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்தப் பெட்டி மட்டும்தான் எனக்குச் சொந்தம்" என்றார் அவள் வீட்டுக்காரர். அவர் முடிதிருத்துபவர்.

"அண்ணே, அசையாதீங்க" என்றபடி அவள் என் சட்டை ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவினாள். யாரைப் பார்த்தாலும் அவளுக்கு இந்தப் பழக்கம் உண்டு. என் மாப்பிள்ளை கடல் தாண்டி வாங்கி வந்த சட்டை அது. சுத்தப் பருத்தி என்று கழுத்தில் சீட்டே தைத்திருந்தது. கொளுத்தினாள். கறுப்பாக ஒரு மணி சுருண்டது.

"பாதி சட்டை, பாதி தண்ணி பாட்டில்" என்றாள்.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னையும் இப்படிக் கொளுத்திப் பாத்துத்தான் கட்டிக்கிட்டாளான்னு கேளுங்க அண்ணே."

"பாத்திருந்தா கட்டியிருப்பேனா?"

அவளுடைய இடது மணிக்கட்டில் தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கும். நான் கேட்டதில்லை. குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்லுகிற குரலில் அன்றைக்கு அவளே சொன்னாள்: "ஏழு வயசுல. நைலான் சட்டை. தீ சட்டுனு அணைஞ்சு போச்சு அண்ணே. துணிதான் உருகி ஒட்டிக்கிச்சு. அதப் பிரிச்சப்பதான் கத்தினேன்."

வீட்டுக்காரர் அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நூல் வியாபாரி என் கடையில் புதுக் கோன்களை இறக்கி வைத்துவிட்டுப் போனார். இவளுக்குக் கை சும்மா இருக்காதே. ஒரு கோனின் நுனியை இழுத்துத் தீயில் காட்டினாள். சுருண்டது. இன்னொன்று. அதுவும் சுருண்டது.

"மாஸ்டர், இது என்ன நூலு?"

"தைக்கிற நூலுதான். தாம்புக்கயிறா தெரியுது?"

"கிண்டல் வேணாம். உருகுதே!"

"இப்ப எந்தக் கடையில பருத்தி நூல் போடறாங்க? மெஷின் ஓடற வேகத்துக்கு அது பொட்டுனு அறுந்துடும்."

அவள் வாளிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போர்வை எல்லாவற்றையும் அவள் தைத்தது என் கடையில் மிஞ்சிய கோன்களை வைத்து. "ஒவ்வொரு துணியையும் கொளுத்திப் பாத்தேன் அண்ணே. நூலைப் பாக்கலையே. நாலு வருஷமா பாக்கலையே."

"அட, நூல் எவ்வளவு கனம் இருக்கப் போகுது?" என்றேன்.

"ஒரு போர்வையில எத்தனை தையல் ஓடுதுன்னு உங்களுக்கா தெரியாது? அத்தனையும் பிள்ளை தோல் மேல கோடு கோடா படுக்கும்."

எழுந்து நிலையத்துக்கு நடந்தாள். என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று நானும் பின்னாலேயே போனேன்.

புது ஆபீசர் சின்ன வயசுக்காரர். பொறுமையாகத்தான் கேட்டார். "இத எடுத்துக்கிட்டு நாங்க தீக்குள்ள போறதே இல்லம்மா. வெளிய கொண்டு வந்த பிறகு பிள்ளைங்க நடுங்கும் பாருங்க, அப்பப் போர்த்துவோம். இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"வெளிய பொறி பறக்காதா தம்பி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பறக்கும்."

"அப்ப குடுங்க. நூலை மாத்திக் கொண்டாரேன்."

"எடுத்துக்கங்க. ஆனா இப்பவே சொல்லிடறேன். வண்டி நாளைக்கு சர்வீசுக்குப் போகுது. சனிக்கிழமை வரும்போது புதுசா மருந்துப் பெட்டி ஒண்ணு வருது. தட்டு காலியா இருந்தா அது அங்கதான் உக்காரும். அப்புறம் இடம் இல்லைன்னா என்மேல வருத்தப்படக் கூடாது."

நான் அவள் காதருகே, "பேசாம விட்டுடும்மா. நூலா, இடமா?" என்றேன். அவள் வண்டிப் படியில் ஏறி, தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு ஒன்பது போர்வைகளையும் வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

"இடம் போனா போகட்டும்ணே. இதுங்க அங்க இருக்கிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

பருத்தி நூல் யாருக்கும் கிடைக்காது, எனக்குக் கிடைக்கும். இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாத கடை இல்லை. ஒரு பழைய பொத்தான் கடையின் பரணில் ஏறி நானே எடுத்து வந்தேன். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், குச்சியைக் கிழித்தாள். "உங்களைச் சந்தேகப்படலண்ணே, நூலைத்தான்."

மாஸ்டர் சொன்னது சரி, மெஷினில் அது ஓடவே இல்லை. எல்லாவற்றையும் பிரித்துக் கையால்தான் தைக்க வேண்டும். ஒவ்வொரு மாலையும் கட்டிங் மேசை அடியில் பிரித்த நூல் குப்பையாகச் சேர்ந்தது. எட்டு மெஷினுக்கு முதலாளியான நானும் ஊசி பிடித்தேன். என் கைத்தையலைப் பார்த்து மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அவ்வளவு நேர்த்தி. தீக்குச்சிக்கு மட்டும் திருப்தி இல்லை. "நூலை ரொம்ப இழுக்கறீங்க, துணி சுருங்கும்" என்று ஒரு சாண் பிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை வரைக்கும் ஆறுதான் முடிந்தது. ஆறையும் ஒரு கட்டாகக் கட்டி, பாதியில் நின்ற மூன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனோம். வண்டி வந்திருந்தது. தட்டில் புதுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. ஆபீசர் சங்கடத்தோடு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

பூட்ஸ் சத்தம், கதவுச் சத்தம். "அம்மா, ஒதுங்குங்க!" ஆபீசர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார். அவள் ஒதுங்கவில்லை. போர்வைக் கட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வண்டி போய்விட்டது.

"வாம்மா, போகலாம்" என்றேன்.

"நீங்க போங்க அண்ணே."

நான் ஏன் போகிறேன்? கேட்டைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றோம். ஊர்க்கதை பேசிப் பார்த்தேன். ஒரு கதைக்கும் அவள் 'ம்' கொட்டவில்லை.

வண்டி திரும்பி வந்தபோது ஆபீசர் முகமெல்லாம் கரி. கட்டு அவிழ்ந்திருந்தது. கையில் ஐந்துதான் இருந்தது.

"ஒண்ணு போயிடுச்சும்மா. அவங்கம்மா பிள்ளைய இறக்கவே இல்ல. போர்வையோட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க."

"பிள்ளை?"

"புகை கொஞ்சம் குடிச்சிருக்கான். அழுதான், நல்லா கத்தி அழுதான். பிழைச்சுக்குவான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பெட்டிய சீட்டுக்கு அடியில தள்ளிட்டேன். மிச்சம் மூணையும் முடிச்சுக் கொண்டாங்க."

நானாக இருந்தால் கும்பிட்டிருப்பேன். அவள், "முழுசா மூடுச்சா?" என்றாள்.

ஆபீசர் கழுத்தைச் சொறிந்தார். "கால் ரெண்டும் வெளியதான் இருந்துச்சு."

"எவ்வளவு உயரம் இருப்பான்?"

அவர் இடுப்புக்குச் சற்று மேலே, காற்றில் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். அவள் பைக்குள் கையை விட்டு, ஊசி தொங்கிக்கொண்டிருந்த ஒரு போர்வையை உருவினாள். அதன் மேல் ஓரத்தை ஆபீசரின் கைக்கு அடியில் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கீழே தொங்கவிட்டாள். அது தரையைத் தொடவில்லை. குந்தி உட்கார்ந்து, போர்வைக்கும் தரைக்கும் நடுவில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்தாள்.

ஆபீசர் கையை இறக்கப் போனார்.

"அப்படியே இருங்க தம்பி" என்றாள் நிமிராமல்.

அக்குளில் ஹெல்மெட்டும், அந்தரத்தில் ஒரு கையுமாக ஆபீசர் அசையாமல் நின்றார். அவள் விரல்களை எடுத்து, மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.