அண்ணி அறுத்துப் படித்த நாவல்கள்

புது நாவல் வீட்டுக்கு வந்தால் அண்ணி முதலில் அதன் அட்டையைப் பிய்ப்பார். பிறகு அதன் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி, பசை விரிசல் விடும் இடமாகப் பார்த்து, காய் நறுக்கும் கத்தியை இறக்குவார். உள்ளே பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைத்த கட்டுகள் இருக்கும். அச்சகத்தில் அதை ஃபாரம் என்பார்கள். தையல் விட்டுப்போகாமல் ஒவ்வொரு ஃபாரமாக உரித்தெடுப்பார். ஒன்று வேலைக்குப் போட்டுப்போகும் கோட்டின் பைக்குள் போகும். இன்னொன்று குளியலறை ஜன்னல் மேல், வேறொன்று சமையல் மேடையில் டப்பாக்களுக்குப் பின்னால். படித்து முடித்ததும் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிப் பசை தடவி, துணி டேப் சுற்றி, அம்மிக்கல்போல் கனமான இஸ்திரிப் பெட்டியை மேலே ஏற்றிவைப்பார்.

முதன்முதலில் பார்த்தபோது கத்தியைப் பிடுங்கப் போனேன். கவிதைப் புத்தகத்தின் மூலையைக்கூட மடிக்காத ஆள் நான்.

"முழுக் கோழிய அப்படியே வாயில போடமுடியுமா தம்பி? துண்டு போட்டாத்தானே தொண்டைல எறங்கும்?" என்றார் அண்ணி. "உன் புத்தகத்த அறுக்க வேண்டியதே இல்ல. பக்கத்துக்குப் பத்து வார்த்த, மீதியெல்லாம் வெறுந்தாளு. மளிகைக் கணக்கு எழுதலாம்."

என் அண்ணனின் மனைவி. அவர்கள் வீட்டில்தான் நானும் இருக்கிறேன். அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள். பெண் ஆறாவது, பையன் இரண்டாவது. வேலை ஒரு பல் மருத்துவமனையில், டாக்டருக்குக் கையுதவி. ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்க, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒருவர் எழுந்ததும் இடுக்கி, ஊசி, குட்டிக் கண்ணாடி எல்லாவற்றையும் கழுவி, பொட்டலம் கட்டி, ஆவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர் பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டி இருப்பது ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதற்குள் வேறு யாரும் வரமாட்டார்கள். பெட்டி கூவும்வரை அண்ணிக்கும் வேலை இல்லை. மாதத்துக்கு நாலைந்து நாவல் உள்ளே போனது அந்த அறையில்தான். அங்கே படித்த ஃபாரங்களில் கிராம்புத் தைலம் வீசும்.

பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிடும் அம்மாக்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. பெயர் 'வேன் லேட்டு'. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அண்ணி அதில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுவார். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துப் பேசுவதால், நடுநடுவே துணி மேல் தண்ணீர் தெளித்துத் தேய்க்கும் 'உஸ்' சத்தமும் கேட்கும்.

"இந்த மாசம் நாலு. மொத நாவல்ல கதாநாயகி எந்திரிக்கிறா, ஜன்னலத் தெறக்குறா, ஒரு மரத்தப் பாத்து அழறா. பன்னண்டு பக்கம் அதே அழுகை. ரெண்டு பிள்ளைங்கன்னு மூணாம் பக்கத்துல சொல்றான். அதுங்க எங்கடா? யாரு எழுப்புனா, யாரு சட்ட போட்டுவிட்டா? ரெண்டாவதுல, கண்ணு முழிச்ச ஒடனே முத்தம். வாயே கொப்புளிக்கல, நாத்தம் பிடிச்சவனுங்க. நாள் முழுக்க வாயப் பாக்கறவ நான், எனக்குக் கொமட்டுது. இத்தன நாவல் படிச்சிருக்கேன், ஒருத்தன் பல்லுலகூட காறை இல்ல. மூணாவதுல அம்மாக்காரிக்கு ஒரே வேல, சாகறது. பாதி புத்தகமா செத்துக்கிட்டே இருக்கா, அப்பவும் எந்திரிச்சு டீ போட்டுத் தர்றா. சீ! நாலாவது பரவால்ல. வாங்குங்க."

கேட்டுக்கொண்டே சாப்பிடும் அண்ணன் சொல்வார்: "உன் வாயிலேர்ந்து பரவால்ல வந்துச்சுன்னா அவனுக்குச் சிலையே வைக்கலாம்."

அண்ணி 'வாங்குங்க' என்றால் அம்மாக்கள் வாங்கினார்கள். 'வேண்டாம்' என்றால் தொடமாட்டார்கள். எங்களுக்கு நேர் மேலே குடியிருக்கும், நாங்கள் மூணாவது மாடி என்றே சொல்லும் பெண், அண்ணியைக் கேட்காமல் ஒரு நாவலையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

"நம்ம பேச்ச நம்பி ஒருத்தி கைய நீட்றா தம்பி," என்று அண்ணி ஒருநாள் என்னிடம் சொன்னார். "இங்க, கொழம்புல உப்பு சரியா இருக்குன்னு நான் சொன்னாலும் உங்கண்ணன் ஒரு தடவ நக்கிப் பாத்துட்டுத்தான் நம்புறாரு."

இப்படியிருக்கும்போது டாக்டர் ஒரு நாவல் போட்டார். பின்னட்டை முழுக்க அவர் சிரிப்பு. ஒரு பிரதியைக் கொடுத்து, "படிச்சிட்டு ஒன் குரூப்புல சொல்லும்மா" என்றாராம். அதே வாரம் நான் ஒரு நாவல் வாங்கி வந்திருந்தேன், எழுதியவர் யாரும் கேள்விப்படாத ஆள். இரண்டும் ஒரே அச்சகம். ஒரே அளவு, ஒரே எழுத்து. பக்கத்தின் தலையில் பெயர் கிடையாது, காலில் எண் மட்டும். போதாக்குறைக்கு இரண்டிலும் கதாநாயகிக்குப் பெயரே வைக்கவில்லை. 'அவள்' என்றே போகும்.

இரண்டையும் அண்ணி ஒரே மாலையில், ஒரே மேசையில் அறுத்தார். அப்போது பையன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ரத்தத்தோடு வந்தான். அண்ணி கத்தியைப் போட்டுவிட்டு ஓடினார். மகள், சாப்பிடத் தட்டு வைக்க வேண்டுமென்று மேசையில் இருந்ததை அள்ளி ஓரமாக அடுக்கினாள்.

அந்த மாத மெசேஜ் இப்படிப் போனது: "எங்க டாக்டர் ஒண்ணு எழுதியிருக்காரு. நான் அவருகிட்ட சம்பளம் வாங்கறவ, அதச் சொல்லிட்டே பேசறேன். முக்காவாசி எச்சிதான். வாயத் தெறந்தா தத்துவமா வழியுது. ஆனா எம்பத்தோராம் பக்கத்துல ஒரு எடம். பஸ்ல ஒருத்தி மடியில பிள்ள வாந்தியெடுத்துடுது. தொடைக்கத் துணி இல்ல. பக்கத்து சீட்டுக்காரன் மூக்கப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போறான். இவ முந்தானையில ஏந்திக்கிட்டு, எறங்கற எடம் வரைக்கும் ஆடாம ஒக்காந்திருக்கா. ஏந்துனது சூடா இருந்துச்சுன்னு எழுதியிருக்காரு பாருங்க. அந்த ஒரு வார்த்தைக்கு வாங்கலாம். இன்னொரு நாவல், தம்பி வாங்கிட்டு வந்தது, நல்லாத்தான் போச்சு. நடுவுல சம்பந்தா சம்பந்தமில்லாம ஒரு கல்யாண மண்டபம், போட்டோ, சூட்டு கோட்டு. கெடுத்துக் குட்டிச்செவுரு. வேணாம்."

மூணாவது மாடி பல் கட்டப் போனபோது அந்த மெசேஜை டாக்டருக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். மறுநாள் டாக்டரே ஸ்டெரிலைசர் அறைக்குள் வந்தாராம். அதற்கு முன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

"எச்சின்னு சொன்னதுக்குக் கோவம்னு நெனச்சேன்," என்றார் அண்ணி அன்று வீட்டில். "கண்ணு கலங்கிட்டாரு தம்பி. 'அந்த பஸ் எடத்த எழுதறப்ப நாலு நாள் எனக்குச் சோறு எறங்கலம்மா. ஒனக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கு'ன்றாரு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்."

அந்த வாரம் முழுக்க அண்ணி டாக்டரைப் பற்றி நல்லவிதமாகவே பேசினார். அண்ணன் அண்ணியின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

பிறகு வேன் நிற்கும் இடத்தில் மூணாவது மாடி அண்ணியைப் பிடித்துக்கொண்டாள். கையில் டாக்டரின் நாவல்.

"அக்கா, பஸ்ஸு எங்க?"

"எம்பத்தொண்ணு பாரு."

"அங்க கல்யாண மண்டபத்துல போட்டோல்ல எடுத்துட்டிருக்காங்க. முழுக்கப் படிச்சுட்டேன். பஸ்ஸும் இல்ல, ஒரு ஆட்டோகூட இல்ல. எல்லாம் கார்லதான் போறாங்க. எங்கிட்ட வெளையாடுறீங்களா?"

நான் பையனின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அண்ணி வேனைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அலமாரியிலிருந்து இரண்டு நாவல்களையும் எடுத்து டேப்பைக் கிழித்தார். ஆறாவது ஃபாரம் எந்தப் புத்தகத்திலும் எண்பத்தொன்றில்தான் தொடங்கும். எண்கள் சரியாக ஓடின; கதைதான் வீடு மாறியிருந்தது. டாக்டரின் மண்டபம் அந்த ஆளின் நாவலுக்குள், அந்த ஆளின் பஸ் டாக்டரின் நாவலுக்குள்.

அண்ணி ஃபாரத்தை மேசையில் போட்டார். ஏதோ பிசுபிசுப்பைத் தொட்டதுபோல் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"நாலு நாள் சோறு எறங்கலையாமா," என்றார். "த்தூ. நானும் நம்பி உருகுனேனே!"

"சும்மா விட்டுடுங்க அண்ணி. யாரும் கவனிக்கமாட்டாங்க," என்றேன்.

"மூணாவது மாடி கவனிச்சாளே. வேணாம்னு சொல்லி இன்னொருத்தன் பொழப்புல மண்ணப் போட்டிருக்கேன். அவன் வாந்திய ஏந்தி எழுதினான், இவரு கமகமன்னு பேரு வாங்கிட்டுப் போறாரு. நாளைக்கு நான் எதச் சொன்னாலும் அவளுங்க ஏன் நம்பணும்?"

அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "சொல்றத சொல்லு. வேலைக்கு வேட்டு வெச்சுக்காத," என்றார்.

"நாலு நாள் பட்டினி கெடந்தவருகிட்ட சம்பளம் வாங்கி நாம சாப்புடுறதே பாவம்தானே," என்றார் அண்ணி.

மாதக் கடைசிவரை காத்திருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினார். பின்னால் ஒரு சத்தமும் இல்லாத அவருடைய மெசேஜ் அது ஒன்றுதான்.

"போன தடவ நான் தப்பு பண்ணிட்டேன். ரெண்டு நாவல அறுத்து மாத்தி அடுக்கிட்டேன். பஸ்ஸு டாக்டர் புத்தகத்துல இல்ல. வேணாம்னு சொன்னேனே, அதுல இருக்கு. அத வாங்குங்க. மண்டபம்தான் டாக்டரோடது. எச்சின்னு சொன்னது மட்டும் அப்படியே நிக்குது."

டாக்டரின் நாலு நாள் பட்டினியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"என் தப்ப நான் சொன்னேன். அவரு பொய்ய அவருதான் சொல்லணும். அடுத்தவங்க வாய்ல கைவிடறதுதான் என் வேல, அதுக்காக இதுலயுமா?"

டாக்டர் கத்தவில்லை. ஸ்டெரிலைசர் அறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'கருவிகள் தவிர வேறெதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது. சுகாதாரம் முக்கியம்.' பெட்டி வேகும் நேரமெல்லாம் வரவேற்பறையில் தரை துடைக்கும் வேலை அண்ணிக்கு வந்தது. அண்ணியின் கோட்டுப் பையில் கைவிட்டுப் பார்க்கும் வேலை வரவேற்பாளினிக்கு. அந்தப் பெண்ணே அருவருப்போடுதான் கைவிட்டாள் என்றார் அண்ணி.

இப்போது குளியலறை மட்டும்தான் மிச்சம். அங்கேயும் பையன் கதவைத் தட்டுகிறான். அந்த மாதம் அண்ணி சொன்னது ஒரே நாவல், அதுவும் "பாதிதான் ஆச்சு, பாதியே பொறுக்கல."

ஆனாலும் பஸ் எழுதியவரை விடவில்லை. "அந்த ஆளத் தேடிப் பிடிச்சுச் சொல்லிட்டு வா தம்பி. வேணாம்னு சொன்னவளே இப்ப வாங்கச் சொல்றான்னு." ஆட்களிடம் போய்ப் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனேன். முகவரி அச்சகத்தில்தான் கிடைக்கும் என்றார்கள் புத்தகக் கடையில். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் ஒருவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு துண்டுத்தாளில் முகவரியை எழுதித் தந்தார். எதற்கு என்று கேட்டார். அறுத்து மாற்றியதை மட்டும் சொன்னேன். டாக்டரின் நாவல் என்றதும் அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"அது நான் எழுதினது சார். அவரு போன்ல பேசி அனுப்புவாரு, நான் இழுத்து நீட்டி எழுதுவேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுங்கன்னு கட்டி அனுப்பினேன். கயிறு பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. அதுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. பின்னட்டைப் படத்தத்தான் திருப்பித் திருப்பி அனுப்பினாரு, பல்லு இன்னும் வெள்ளையா வரணும்னு."