தண்ணீர்த் தொட்டி வரை வராத வண்டி

எங்கள் எஸ்டேட்டில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இதைச் சொன்னால் ஓவேலிப் பக்கத்தில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். எங்களிடம் ஏதாவது கேட்பதென்றால் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்தான் வர வேண்டும். ஆனால் அன்றைக்கு ஜீப்பில் வந்து இறங்கிய அதிகாரி அம்மா நிஜமாகவே கேட்க வந்திருந்தார். அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. கோபம் நிறைய இருக்கிறது. யார்மேல் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மருத்துவ வண்டி ஒன்று வாரத்துக்கு ஒரு தடவை எஸ்டேட்டுக்கு வரப்போகிறது. நர்ஸ் வருவார், மாத்திரை கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். வண்டி எங்கே நிற்க வேண்டும், எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்பதை நாங்களே முடிவு செய்யலாம்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மழைக்காலத்தில், பூட்ஸுக்குள் அட்டை புகுந்து கடித்தது. எல்லோரையும் கடிக்கிற அட்டைதான். இவர் சொறிந்து சொறிந்து அது புண்ணாகி, பாதத்தில் குழி விழுந்துவிட்டது. கூடலூரில் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. வாராவாரம் செத்த சதையை எடுத்துச் சுத்தம் செய்து கட்ட வேண்டும். விட்டால் கால் போய்விடும்.

நாங்கள் இருப்பது மேல் லைனில், மேட்டில் இருக்கிற தொழிலாளர் வீட்டு வரிசையில். அங்கிருந்து பஸ் வரும் ரோட்டுக்குப் படிக்கட்டும் சறுக்கலுமாக இறங்க வேண்டும். ஊன்றக் கூடாத காலை ஊன்றித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார். திரும்பி வரும்போது புதுக்கட்டு ரத்தத்தில் நனைந்திருக்கும். வைத்தியத்துக்குப் போய்ப் போயே புண் பெரிதாகிற கூத்தை நான் எந்தச் சாமியிடம் சொல்வது? தூக்கிக்கொண்டு போக ஆண்பிள்ளைகள் வேண்டும். எங்கள் லைன் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் திருப்பூரில் இருக்கிறார்கள்.

எங்கள் வாசலுக்கு நேர் எதிரே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கொழுந்து ஏற்றும் டிராக்டர் அதுவரை தினமும் வருகிறது. உயிர் போகிற நிலை என்றாலொழிய அதில் ஆளை ஏற்ற மாட்டார்கள். மருத்துவ வண்டியும் வரலாம். வந்தால் அவர் கட்டிலை விட்டு இறங்கிப் பத்தடி நொண்டினால் போதும். அதனால் கூட்டம் என்றதும் நான் வேலை செய்கிற பிள்ளைக் காப்பகத்தை ஆயாவிடம் விட்டுவிட்டு முதல் ஆளாகக் கிளம்பினேன். கால் பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

கூட்டத்தை மஸ்டர் கொட்டகைக்கு முன்னால் வைத்தார்கள். காலையில் ஆள் எண்ணி, யார் எந்தத் தேயிலைக் காட்டுக்குப் போக வேண்டும் என்று மேஸ்திரி பிரித்துவிடும் இடம் அது. அங்கே போய் நின்றதும் எங்கள் ஜனத்துக்குக் கால் தானாக வரிசைக்குப் போய்விடும். அன்றைக்கும் அப்படியே நின்றார்கள். அதிகாரி அம்மா சிரித்தார். "வரிசையெல்லாம் வேண்டாம்மா, வட்டமா உட்காருங்க. உங்க வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க" என்றார். உட்கார்ந்தார்கள். அப்போதும் அதே வரிசை கலையாமல், அவரவர் பக்கத்து ஆளோடு, வளைந்து உட்கார்ந்தார்கள்.

தரையில் கோலமாவால் எஸ்டேட்டை வரைந்திருந்தார். ஃபேக்டரி, கீழ் லைன், மேல் லைன், கோயில், மஸ்டர் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் இருந்தது. ஆளுக்கொரு கூழாங்கல். வண்டி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வைக்க வேண்டும். நல்ல யோசனைதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வைக்கலாம். யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

யார் முதலில் வைப்பது என்று கேட்டார். எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் பாவம், கெட்டவர் இல்லை. கூச்சத்தோடு எழுந்துபோய் மஸ்டர் கொட்டகைமேல் வைத்தார். எஸ்டேட்டுக்கு எது வந்தாலும் அங்கேதான் வந்து நிற்கும், அவருக்கு வேறு எங்கே தோன்றும்? அதோடு முடிந்தது. மேஸ்திரி காட்டிய வரிசையை விட்டு அடுத்த வரிசையில் கொழுந்து கிள்ளக் கூடாது என்று பழகிய கைகள். ஒவ்வொருத்தியாக எழுந்து போய் அவர் கல் பக்கத்திலேயே வைத்தார்கள். மேல் லைன் பெண்களும் அங்கேதான் வைத்தார்கள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அண்ணி, தன் மாமியாரைக் கக்கூசுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போகிறவர், அவரும் அங்கேதான் வைத்தார்.

தொட்டிமேல் என் கல் மட்டும் தனியாகக் கிடந்தது. எழுந்து நின்று, மேல் லைனில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அதிகாரி அம்மா அன்பாகத்தான் கேட்டார்.

"மத்தவங்க என்னம்மா சொல்றீங்க? தொட்டி கிட்ட வேணுமா?"

மறுபடியும் மேஸ்திரி பக்கம் திரும்பினார்கள். கடைசியில் ஒருத்தி, "இங்கயே இருக்கட்டுமுங்க மேடம்" என்றாள். நேரமும் அப்படியே முடிவானது. மஸ்டர் கொட்டகை என்றால் காலை நேரம்தானே.

திரும்பி ஏறும்போது அண்ணியைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவர் திகைத்துப் போனார்.

"மேஸ்திரி வெச்ச பொறவு நாம தனியாப் போயி வேற பக்கம் வெச்சா நல்லாவா இருக்கும்? அத்தன பேரும் பாக்கறாங்கல்ல?"

"உங்க மாமியாரு எப்படி எறங்குவாங்க அண்ணி?"

"அதத்தானுங்க நானும் இப்ப நெனச்சேன்" என்றார். கண் கலங்கிவிட்டது. அதற்குமேல் அவரை என்ன கேட்பது?

வண்டி வந்தது. சொன்ன வாரம், சொன்ன நேரம் தவறாமல் வந்து மஸ்டர் கொட்டகையில் நின்றது. அதற்குள் மஸ்டர் முடிந்து பெண்கள் எல்லோரும் காட்டுக்குப் போயிருப்பார்கள். சீக்குக்காரர்கள் லைனில் படுத்திருப்பார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஸ்டாஃப் வந்து பிரஷர் பார்த்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு நாள் லீவு போட்டு ஓடிப்போய், வண்டியை மேலே கொண்டுவரும்படி டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். "நீங்க எல்லாருஞ் சேந்து முடிவு பண்ணுன எடமுங்க இது. நாங்களா மாத்துனா எங்களத்தான் கேப்பாங்க. அடுத்த கூட்டத்துல சொல்லுங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. தப்பே இல்லாத ஆட்களாக என்னைச் சுற்றி நின்றார்கள். நடுவில் ஒரு கால் அழுகிக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டம் வருவதற்குள் புண் கணுக்கால் வரை ஏறிவிட்டது. வீட்டில் வாடை. ஊதுபத்தி கொளுத்தி வைத்தால், "யாருக்குத் தெரியாம இருக்கப் பத்தி கொளுத்தற?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. கூட்டத்துக்கு முன்னால் லைன் முழுக்க வீடு வீடாகப் போனேன். எல்லோரும் தொட்டி என்று சொல்ல வேண்டும். அண்ணி என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். மேஸ்திரியையும் பார்த்தேன். "நான் வேண்டாங்கலியே, அவங்க சொல்லட்டும்" என்றார்.

இந்தத் தடவை வந்தவர் வேறு அதிகாரி. கோலமாவும் இல்லை, கல்லும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்ததால் எல்லோரும் கொட்டகைக்குள் நின்றோம். மஸ்டருக்கு நிற்கிற மாதிரியே நின்றோம்.

"வண்டி ஒழுங்கா வருதாம்மா?"

"வருதுங்க சார்."

"நர்ஸ் நல்லாப் பாக்கறாங்களா?"

"பாக்கறாங்க சார்."

"குறை ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

எல்லோரும் சேர்ந்துதான் சொன்னார்கள். மஸ்டரில் எஸ்டேட் மேனேஜர் துரை வந்து கேட்டால் சொல்கிற பதில் அது. அவர்களுடைய அம்மாக்களும் அதையே சொன்னவர்கள். கேள்வி முடியும் முன்பே வாய் சொல்லிவிடும், மனசு பின்னாலேதான் வரும். அண்ணியும் சொன்னார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அந்தக் கொட்டகையில் கத்தினேன். "குறை இருக்குங்க! என் ஊட்டுக்காரரு காலு போகுதுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதிகாரி பதறித்தான் போனார். பிறகு, "இது உங்க குடும்ப விஷயம்மா, தனியா வந்து பாருங்க, கண்டிப்பா செய்யறேன்" என்றார். ஊர் முழுக்கக் குறை இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு நான் தனி ஆள்தானே.

தனியாகப் போய்ப் பார்க்க நாள் இருக்கவில்லை. அவருக்குக் காய்ச்சல் கண்டு, நினைவு தப்பி, கொழுந்து டிராக்டரில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து இறக்கினோம். ஊட்டியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். லைன் பெண்கள் வீடு நிறைய வந்து உட்கார்ந்து அழுதார்கள். நான் யாருடனும் பேசவில்லை. அவர்கள் கொண்டுவந்து வைத்த சோற்றை மட்டும் அவருக்குப் போட்டேன்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுவாரம் வாசலில் குரல் கேட்டது. மருத்துவ வண்டி நர்ஸ். வண்டியைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அத்தனை படியும் ஏறி நடந்தே வந்திருந்தார். மூச்சு வாங்கியது. கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தார். கை பூப்போல இருந்தது.

"இனி நானே வாராவாரம் வந்துருவனுங்க அக்கா. நடக்க முடியாதவங்கள ஊட்டுக்கே போயிப் பாக்கோணும்னு எங்களுக்கு உத்தரவு" என்றார்.

"இத முன்னாடியே செஞ்சிருக்கலாமுங்களே."

"அப்ப அண்ணன் நடந்துட்டுத்தானுங்களே இருந்தாரு?"

அந்தப் பெண் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கால் எடுத்தவர் என்று ஊட்டி ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி வந்த பிறகுதான் எங்கள் பேர் அவர் கைக்கு வந்தது என்று விளக்கினார். என் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து என்னைப் பார்த்து, "நின்னுட்டே இருக்கற? பாவம், இத்தன தூரம் ஏறி வந்திருக்காங்க, டீ வெச்சுக் குடு" என்றார்.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதித்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். தண்ணீர் முழுதும் சுண்டிப் பாத்திரம் கருகும் வரை என்னால் வெளியே வர முடியவில்லை.